மஞ்சள் தடவாத சேலை

உக்காரும்மா, உக்காரு. பையத் தூக்கி மடியில வச்சிக்கிடுதேன். ஆனா ஒண்ணு, ஜன்னலோரம் மட்டும் கேக்கப்படாது. காத்து மூஞ்சில அடிக்கலேன்னா எனக்குக் கொமட்டும். பொறவு உன் சேலைக்குத்தான் சேதாரம், பாத்துக்கோ.

எங்க போற, அம்பாசமுத்திரமா? நான் வீரவநல்லூர்ல எறங்கிருவேன். இங்க டவுண்ல எங்கண்ணன் வீட்டுக்குத்தான் வந்துட்டுப் போறேன். அண்ணன் வீடுன்னு இனிமே சொல்லவும் முடியாது. பூட்டி, சாவியத் தரகர் கையில குடுத்தாச்சு. அண்ணனும் மதினியும் கனடா போறாவ. இப்பத்தான் காருல ஏறிப் போனாவ. திரும்பி வரமாட்டாவளாம், அங்கயே இருந்துருவாவளாம். இருக்கட்டும். எங்கயும் போய்த் தொலையட்டும். எனக்கென்ன வந்துச்சு?

அழுதியளான்னா கேக்க? நானா? அவனுக்கா? நல்ல கத. கண்ணு செவந்து கெடக்குன்னா அது அடுப்பூதுன பொகம்மா. எந்த அடுப்புன்னு கேளு, சொல்லுதேன். ஆனா மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒனக்கு நாயம் புரியும். கேட்டுட்டு நீயே சொல்லு, தப்பு எம்மேலயா அவன் மேலயான்னு. அவன் மேலதான். இருந்தாலும் கேளு.

என் பேரு ஆவுடை. கூடப் பொறந்தவன் இந்த ஒரே அண்ணன். அப்பா அம்மா போயி எத்தனையோ காலமாச்சு. எம்புருசனும் போயிட்டாரு. பெத்தது ஒரு மவன், கொம்பையா. அவன் வீட்டுலதான் இருக்கேன். எங்கண்ணனுக்கு ஆம்பளப் புள்ள கெடையாது. ஒரே மவ. அவ கனடாவுல வேல பாக்கா. அண்ணன் டவுண்ல பெரிய ஜவுளிக்கடை ஒண்ணுல, காலம்பூரா சேலை செக்சன்ல நின்னவன். ஊர்ல உள்ள பொம்பளைக்கெல்லாம் விரிச்சு விரிச்சுக் காட்டுவான். எனக்குத் தீவாளிக்குத் தீவாளி ஒரு சேலை எடுத்துட்டு வருவான் பாரு, ஒரு வருசமாவது எனக்குப் பிடிச்ச கலரா இருக்கணுமே? இருக்காது. நானும் மூஞ்சிக்கு நேர சொல்லிருவேன், "இத விக்க முடியாமத்தான எனக்குக் கொண்டாந்த"ன்னு. சிரிப்பான். அந்தச் சிரிப்பப் பாத்தா இன்னும் எரியும்.

சித்திரையில ஒரு நாள் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாவ. நெத்திலிக் கொழம்பு வச்சிருந்தேன். எல போட்டு சோறு வச்சாச்சு. பாதி சாப்பாட்டுல சொல்லுதான். "ஏட்டி ஆவுடை, நாங்க கனடாவுக்குப் போயிருதோம். புள்ள கூப்டுதா."

"எப்ப வருவிய?"ன்னு கேட்டேன்.

"இனிமே வாரதென்ன. வயசாயிட்டுல்லா. அங்கனயே இருந்துக்கிட வேண்டியதுதான்."

எப்படிச் சொல்லுதான் பாத்தியா? தென்காசி வர போயிட்டு வாரேன்ங்கிற மாதிரி! வாயில சோத்த வச்சிக்கிட்டே சொல்லுதான். மதினி என்னடான்னா வாயில போட்ட சோத்த முழுங்காம, தலையக் குனிஞ்சிக்கிட்டு எலயவே பாத்துக்கிட்டு இருக்காவ. எங்கொழம்பு எறங்கல போலுக்கு. அதுக்கு வேற எனக்குக் கோவம். "போங்க. யாரு ஒங்க கையப் புடிச்சா?"ன்னேன். கொழம்புச் சட்டியத் தூக்கி உள்ள கொண்டு போய் வச்சிட்டேன். அன்னைக்கு ரெண்டாந்தரம் எவனுக்கும் ஊத்தல.

பொறவு என்ன, ஆட்டம் ஆரம்பிச்சுட்டு. விசாவாம், டாக்டர் சர்டிபிகேட்டாம், ஊசியாம். மவ எதையோ பார்சல்ல அனுப்பியிருக்கா. பிரிச்சுப் பாத்தா கம்பளி ஜாக்கெட்டு. நான் ஒரு நாள் போனா, அக்கினி வெயிலு, தெருவுல நாய்கூட நடக்கல, இவன் அந்த ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு, காதுவரைக்கும் குல்லாவ இழுத்து விட்டுக்கிட்டு, கீழ வேட்டியக் கட்டிக்கிட்டு நடுவீட்டுல அங்கயும் இங்கயும் நடக்கான். வேர்த்து ஊத்துது.

"என்னண்ணே, கோட்டி கீட்டி புடிச்சிட்டா?"

"பழகிக்கிடணும்லாட்டி."

எதுக்குப் பழகணும்? அத்தன கஷ்டப்பட்டு எதுக்குப் போகணும்? கேட்டேனா? கேக்கல. நான் ஏன் கேக்கணும். போறவனுக்கு நான் யாரு.

மதினி ஒரு பக்கம் பொட்டியக் கெட்டுதாவ. கூழ்வத்தல உள்ள வைக்காவ, வெளிய எடுக்காவ. பருப்புப்பொடிய வைக்காவ, எடுக்காவ. அவிய பொட்டி கெட்டுத லெச்சணத்தப் பாத்தா, கெட்டுதாவளா அவுக்காவளான்னே தெரியாது. இந்த வேகத்துல போனா பிளேனு காத்துக்கிட்டு நிக்கணும்னு நான் சொன்னேன். மதினி கூழ்வத்தலத் திரும்பவும் வெளிய எடுத்தாவ. திமிரு.

வீட்டுச் சாமானையெல்லாம் ஆளாளுக்குப் பங்கு வச்சாவ. "பீரோவ எடுத்துக்கோட்டி, கட்டில எடுத்துக்கோட்டி, கிரைண்டர எடுத்துட்டுப் போ"ன்னு எங்கிட்டயும் சொன்னாவ. நான் எடுப்பேனா? "ஒங்க எச்சிச் சாமான் எனக்கெதுக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் போறேன், கிரைண்டரக் காணோம். எதுத்த வீட்டு டீச்சருக்குத் தூக்கிக் குடுத்தாச்சாம்!

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். "எங்கம்மா இருக்கையில வாங்குன கிரைண்டரு. எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா மதினி?"ன்னு கேட்டேன்.

"ஆவுடை, ஒனக்குத்தானட்டி மொதல்ல சொன்னேன். நீதான வேண்டாம்ன."

வேண்டாம்னு சொன்னேன்தாம்மா. இல்லங்கல. ஆனா வேண்டாம்னு ஒருத்தி சொன்னா, திரும்ப ஒரு தரம் கேக்கணுமா இல்லையா? நீயே சொல்லு. மொதத்தரம் கேட்டவொடன கையநீட்டி வாங்குறதுக்கு நான் என்ன பறக்காவெட்டியா? கூட ரெண்டு தரம் கேட்டாத்தான ஒரு மனுசி எடுப்பா? அந்த நாகரிகம் தெரியல அந்தப் பொம்பளைக்கு.

தெருவுல எறங்கிட்டேன். எதுத்த வீட்டு டீச்சரு கதவச் சாத்திக்கிட்டா. நான் விடல. "போங்க, போங்க. மவ வீட்டுல போயி எச்சித் தட்டு கழுவிக்கிட்டுக் கெடங்க. இங்க ராணி மாதிரி இருந்தது குத்துதுல்லா"ன்னு கத்துனேன். மதினி வந்து, கெட்டி வச்சிருந்த பொட்டி மேல உக்காந்துட்டாவ. "நான் மட்டும் ஆசப்பட்டாட்டி போறேன்? ஒங்கண்ணனுக்கு நெஞ்சுல ரெண்டு தரம் வலி வந்துட்டு, மவ பயப்படுதா"ன்னாவ. முந்தானைய வாயில வச்சிக்கிட்டாவ. நடிப்பு. எல்லாம் நடிப்பு. எங்கண்ணனுக்கு வலி வந்தா எங்கிட்டல்லா மொதல்ல சொல்லுவான்?

அன்னையோட பேச்சு நின்னுட்டு. தெனமும் போன் போடுவான். நான் எடுக்கமாட்டேன். மணியடிச்சு முடியுத வரைக்கும் போனக் கையில வச்சிப் பாத்துக்கிட்டே இருப்பேன், எடுக்கமாட்டேன். சும்மாவா? வைராக்கியம்னா வைராக்கியம்.

டிக்கெட்டு எடுத்துட்டியா நீ? அந்தா வாரான் பாரு கண்டக்டரு. சில்லறையக் கையில வச்சிக்கோ, இல்லேன்னா அவன் பேசுத பேச்சக் கேக்க முடியாது.

ஆங். எங்க விட்டேன்? நீ நெனைக்கலாம், ஒரு கிரைண்டருக்கா இந்தக் கெழவி இம்புட்டு ஆட்டம் ஆடுதான்னு. கிரைண்டர் இல்லம்மா. கிரைண்டர் எங்கிட்டயே ரெண்டு கெடக்கு. இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல. எம்மவன்ட்டகூட. நீ யாரோ எவரோ, நான் எறங்குனதும் மறந்துருவ. அதான் சொல்லுதேன்.

எங்க தெருவுல வேலம்மான்னு ஒருத்தி இருந்தா. போன தை மாசம் செத்துப்போனா. நல்ல சாவுதான், படுக்கையில கெடக்கல. குளிப்பாட்டியாச்சு, நீர்மாலை எடுத்தாச்சு, எல்லாம் ஆச்சு. பொறந்த வீட்டுக் கோடி மட்டும் வரல. ஒங்க பக்கமும் உண்டுல்லா? பொம்பள செத்தா, கூடப்பொறந்தவன் புதுச்சேலை கொண்டாந்து மேல போத்தணும். அது வந்தாத்தான் பொணத்தத் தூக்கணும். வேலம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு, வடக்க எங்கயோ போனவன், ஆளு இருக்கானா இல்லையான்னே தெரியாது. முடி வெட்டுறவரு நடுத்தெருவுல நின்னு கேக்காரு, "பொறந்த வீட்டு ஆளு வந்தாச்சா?" திரும்பக் கேக்காரு, "பொறந்த வீட்டு ஆளு உண்டா?" நூறு சனம் நிக்கி. ஒருத்தனும் வாயத் தொறக்கல. அவ மருமவன் ஒரு பயல பைக்குல அனுப்பி, முக்குக் கடையில ஒரு சேலைய வாங்கிட்டு வரச்சொல்லி, அத எவனோ ஒருத்தன் கையில குடுத்து, "தம்பி மாதிரி நெனச்சிப் போடுப்பா"ன்னு போடச் சொன்னான். விலைச்சீட்டக்கூட கிழிக்கலம்மா. வேலம்மா நெஞ்சு மேல அந்தச் சீட்டு காத்துல படபடன்னு அடிக்கி. எம்பக்கத்துல நின்னவ சொன்னா, "பாவம், நாதியத்தவ"ன்னு.

நாலு புள்ள பெத்து, பேரன் பேத்தி எடுத்தவள, போற அன்னைக்கு ஒரு நிமிசத்துல நாதியத்தவன்னுட்டாளுவ.

அப்பவே எனக்குப் பயம் புடிச்சிக்கிட்டு. சரி, நமக்குத்தான் அண்ணன் இருக்கானேன்னு நெனச்சிக்கிட்டேன். அடுத்த மூணாம் மாசம் எங்கண்ணன் வந்து நெத்திலிக் கொழம்பு சாப்பிட்டுக்கிட்டே கனடா போறேன்ங்கான். என்னய என்ன செய்யச் சொல்லுத? "நான் செத்தா கோடி யாரு போடுவா"ன்னு அவன்ட்ட கேக்க முடியுமா? கேட்டா என்ன அர்த்தம்? 'நீ இருந்து என்னய எடுத்துப் போட்டுட்டுப் போ'ன்னு சொன்ன மாதிரி ஆவாதா? கூடப்பொறந்தவன்ட்ட கேக்குத கேள்வியா அது? அதான் கிரைண்டரக் கேட்டேன்.

பொறவு ஒரு நாள், நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல அவன் மட்டும் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கான். கொம்பையாகிட்ட ஏதோ பேசிட்டுப் போயிட்டானாம். நான் வந்தவொடன கேட்டேன், "மாமா என்னடா சொன்னான்?" "சும்மாதாம்மா"ங்கான். என்னயப் பாக்காம போயிருக்கான், பாரு! பஸ்ஸு ஏறி வந்தவனுக்கு, கோயில் வர நடந்து வந்து ஒரு வார்த்த பேச முடியல. அன்னைக்கு நான் சாப்பிடல. சாப்பிடாட்டி யாருக்கு நட்டம்? எனக்குத்தான். அதுக்கும் அவனத்தான் திட்டுனேன்.

இந்த வாரம், போர்வை எடுக்கணும்னு கொம்பையா பீரோவத் தொறந்தேன். கீழ்த்தட்டுல, துணிக்கு அடியில ஒரு கவரு. எங்கண்ணன் வேல பாத்த கடைக் கவரு. பிரிச்சா சேலை. நல்ல கனமான சேலை. அரக்குக் கலரு, மயில்கழுத்துக் கரை. எனக்கு அரக்கு ஆவாதுதான், இருந்தாலும் ஜரிகையப் பாத்து அசந்துட்டேன். சரி, தீவாளிக்கு எம்மவன் எனக்குத் தெரியாம எடுத்து வச்சிருக்கான்னு நெனச்சிக்கிட்டேன். மனசு குளுந்து போச்சு. எடுத்து தோளுல போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னு, இப்பிடித் திரும்பிப் பாக்கேன், அப்பிடித் திரும்பிப் பாக்கேன். பேத்தி ஒண்ணு இருந்தா கேலி பண்ணியிருப்பா, அப்பிடி நிக்கேன்.

எம்மருமவ உள்ள வந்தா. பாத்தா. அலறுனா பாரு ஒரு அலறல்! "அத்த! ஐயய்யோ! அத மேல போடாதீங்கத்த! எறக்குங்கத்த!"

"ஏன்ட்டி, ஒங்க அப்பன் வீட்டுச் சேலையா?"ன்னேன்.

அவ வாயப் பொத்திக்கிட்டா. அழுதா. எனக்கு ஒண்ணும் புரியல. முந்தியப் புடிச்சிப் பாக்கேன். ஓரத்தப் பாக்கேன். நாலு ஓரத்துலயும் தேடுதேன். மஞ்சள் இல்ல.

புதுத்துணி எடுத்தா, ஓரத்துல ஒரு பொட்டு மஞ்சள் தடவாம நம்ம வீட்டுல எவளாவது வைப்பாளா? கைக்கொழந்த சட்டைக்குக்கூடத் தடவுவோம். எங்கண்ணன் ஜவுளிக்கடைக்காரன், இதுவரைக்கும் மஞ்சள் இல்லாம ஒரு துணி எனக்குத் தந்ததில்ல. மஞ்சள் தடவாத புதுச்சேலை எதுக்கும்மா எடுப்பாவ? சொல்லு. ஒனக்கே தெரியும்.

கொம்பையா ஓடியாந்தான். "மாமாதாம்மா குடுத்துட்டுப் போச்சு. 'நாள் வரும்போது எம்பேரச் சொல்லிப் போடு மருமவனே, கடையில வாங்குன சேலை அவ மேல விழக்கூடாது'ன்னு அழுதுச்சும்மா"ங்கான்.

நான் உசுரோட நிக்கேன்! கல்லு மாதிரி நிக்கேன்! எனக்குக் கோடி எடுத்து, எம்மவன் பீரோவுல, அவன் துணிக்கு அடியில! எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா? என்னய விட நாலு வயசு மூத்தவன், நெஞ்சுல வலிய வச்சிருக்கவன், எனக்குக் கோடி எடுக்கான்! அவனுக்கு முன்னால நான் போயிருவேன்னு எவன் சொன்னான் அவன்ட்ட?

இன்னைக்குக் காலையில மொத பஸ்ஸு. போறதுக்கு முன்னால அரிசிப் பானையில கைய விட்டு, பச்சரிசி அள்ளி, ஒரு வெள்ளத் துணியில முடிஞ்சி இடுப்புல சொருகிக்கிட்டேன். எதுக்கா? அவன் எனக்குக் கோடி தந்தான்லா, நான் அவனுக்கு வாய்க்கரிசி தர வேண்டாமா? அவன் அங்க போயி, எங்கயோ பனியில செத்துக் கெடந்தா, கூடப்பொறந்தவ கையால ஒரு பிடி அரிசி வாயில விழுமா? எனக்கென்ன பாஸ்போட்டா இருக்கு? அப்பிடின்னா முன்கூட்டியே குடுத்துருவோம். கணக்கு சரியாப் போவும்லா.

ஆமாம்மா, நான் அப்பிடித்தான். நீ நெஞ்சுல கைய வைக்காத. கேளு.

போனேன். வீடு மொட்டையா கெடக்கு. பொட்டியெல்லாம் வாசல்ல வரிசையா நிக்கி. நடுவீட்டுல ஒரே ஒரு பிளாஸ்டிக் சேரு, அதுல அவன் உக்காந்திருக்கான். அந்தக் கம்பளி ஜாக்கெட்டோட. என்னயப் பாத்தவொடன மூஞ்சி மலந்து போச்சு. "வந்துட்டியாட்டி! நான் நெனச்சேன் வரமாட்டன்னு."

முடிச்ச உருவி அவன் மடியில விட்டெறிஞ்சேன்.

"என்னட்டி இது?"

"வாய்க்கரிசி. நீ எனக்குக் கோடி எடுத்து வச்சல்லா. நான் கடன்பட்டுக் கெடக்க முடியாது. கொண்டு போ. ஒம்மவள்ட்ட குடுத்து வை. நாள் வரும்போது எம்பேரச் சொல்லிப் போடச்சொல்லு."

மதினி "அடிப்பாவி!"ன்னு தலையில அடிச்சிக்கிட்டு, செவுத்தப் புடிச்சிக்கிட்டே உக்காந்துட்டாவ. போற நேரத்துல இப்பிடி ஒரு வார்த்தையான்னு. நானும் எதிர்பாத்தேன், அவன் எந்திரிச்சி ஒரு அறை விடுவான்னு. சின்னதுல விட்டிருக்கான். விட்டா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

விடல. அந்த முடிச்சத் தடவிப் பாத்தான். "சேலையப் பாத்துட்டியா. கலரு எப்பிடி இருக்கு?"ங்கான்.

"அரக்கு எனக்கு எந்தக் காலத்துலண்ணே பிடிச்சிருக்கு?"

"பிடிக்காதுன்னு தெரியும். எனக்கு நீ அரக்கு கட்டிப் பாக்கணும்னு ஆசட்டி. ஒவ்வொரு தீவாளிக்கும் திட்டுவ. இது ஒண்ணுதான் நீ பாக்காத சேலை, திட்டமாட்டல்லா. அதான் என் இஷ்டத்துக்கு எடுத்தேன்."

நான் வாசல்ல நின்ன பொட்டியோட பூட்ட இழுத்துப் பாத்தேன்.

"எங்கூட வேல பாத்த பய கேட்டான், 'யாருக்கண்ணாச்சி?'ன்னு. 'எந்தங்கச்சிக்கு'ன்னேன். 'என்ன விசேஷம்?'ன்னான். நான் என்னன்னுட்டி சொல்லட்டும்? மஞ்சள் தடவப் போனான். அவன் கையப் புடிச்சிக்கிட்டேன். அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சிது. பில்லு போடுறதுக்குள்ள எனக்குக் கண்ணே தெரியல."

அப்பிடிச் சொல்லிட்டு, அந்த முடிச்ச அவுத்தான். அரிசியப் பாத்தான். எங்கிட்ட நீட்டுனான். "நீ சொல்லுறது நாயந்தான் ஆவுடை. அங்க எனக்கு யாரு போடுவா. எம்மவளுக்கு முறையும் தெரியாது, ஒண்ணுந் தெரியாது. ஒம்பேரச் சொல்லி அவ போட்டா சேருமா சேராதான்னு யாருக்குத் தெரியும்? ஒங்கையாலயே போட்டுரு. இப்பவே போட்டுரு"ன்னான்.

வாயத் தொறந்துட்டான்ம்மா.

கண்ண மூடிக்கிட்டு, தலையப் பின்னால சாச்சிக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கான். பல்செட்டு போடல. பொக்க வாயி. அம்மா செத்தப்ப அவ வாயும் இப்பிடித்தான் இருந்துச்சு.

நான் அள்ளுனேன். ஆமா, அள்ளுனேன். ஒரு பிடி. மதினி, "வேண்டாம்ட்டி ஆவுடை, ஒங்கால்ல விழுதேன், வேண்டாம்ட்டி"ங்காவ. அவன் கண்ணத் தொறக்கல. என் கை அவன் வாய் வரைக்கும் போயிட்டு. அவன் மூச்சு என் வெரல்ல படுது. சூடாப் படுது.

"சவத்துப் பய"ன்னு தொடையில ஒரு அடி வச்சேன். "வாய மூடு! பச்சரிசியத் திங்கதுக்கு நீ என்ன கோழியா?"ன்னேன். அரிசி அம்புட்டும் சிதறிப் போச்சு. மதினியும் நானும் குனிஞ்சி பொறுக்குனோம். ஒரு மணி விடல. அடுப்பங்கரைக்குப் போறேன், கேஸ் இல்ல, ஒப்படைச்சிட்டாவளாம். சட்டி இல்ல, எல்லாத்தையும் தானம் பண்ணியாச்சு. எதுத்த வீட்டு டீச்சர்ட்ட போய் நின்னு, ஒரு பால்சட்டி கேட்டேன். அன்னைக்கு நான் கத்துனதுக்குக் கதவச் சாத்துன அதே டீச்சருதான். அவளும் பயந்துக்கிட்டே தந்தா. பொறவாசல்ல மூணு செங்கலக் கூட்டி, பொட்டி வந்த அட்டையெல்லாம் கிழிச்சிப் போட்டு ஊதுனேன். அட்டை எரியுமா லேசுல? பொகதான் வருது. அதுதாம்மா இந்தக் கண்ணு.

ஒரு பிடி அரிசி எம்புட்டு வெந்துரும்? கஞ்சி மாதிரி ஆச்சு. மூணு பேரும் தரையில உக்காந்தோம். அவனுக்கு மொதல்ல ஊத்துனேன். அவன் குடிச்சான். "உப்பு பத்தலட்டி"ன்னான். "ஒனக்கு எந்தக் காலத்துல பத்தியிருக்கு"ன்னேன். மதினி குடிச்சாவ. இந்தத் தடவ முழுங்குனாவ.

வாய்க்கரிசியச் சோறாக்கித் தின்னுட்டோம் மூணு பேரும். சாமிக்குத்தமா இருந்தா இருக்கட்டும், எனக்குக் கவல இல்ல.

காரு வந்துட்டு. பொட்டியெல்லாம் ஏத்தியாச்சு. மதினி என் கன்னத்தத் தடவுனாவ, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பொறவு அவிய கையப் புடிச்சிக்கிட்டேன், அது வேற விசயம். அவன் ஏறி ஜன்னலோரமா உக்காந்தான். கண்ணாடிய எறக்கி விட்டான். ஏதாவது சொல்லுவான்னு பாத்தா, ஒண்ணுஞ் சொல்லல. சொல்லத் தெரியாது அவனுக்கு, விக்கத்தான் தெரியும்.

காரு நகரும்போது நான் கத்துனேன். தெருவே கேக்கக் கத்துனேன். "ஏ அண்ணே! அந்தச் சேலையில இன்னைக்கே மஞ்சளத் தடவிருவேன்! வர்ற தீவாளிக்குக் கட்டுவேன். பொறவும் கட்டுவேன். கட்டிக் கட்டிக் கிழிச்சி அடுப்பங்கரைத் துணியாக்கிருவேன்! எனக்குக் கோடி வேணும்னா, நீ வேற எடுத்துட்டு வா! நீயே வந்து போடு! அதுவரைக்கும் நான் சாவமாட்டேன், போ!"

ஓடுத காருல இருந்து தலைய வெளிய நீட்டுனான்ம்மா. மூஞ்சி செவந்து போச்சு. "ஏ கோட்டிக்காரி! கட்டாதட்டி அத! நான் சொல்லுதேன்லா, கட்டாத! அது அதுக்கு எடுத்த சேலைட்டி!"ன்னு கத்துதான். அப்பிடிக் கத்தி நான் கேட்டு எத்தன வருசமாச்சு. நெஞ்சு வலி உள்ளவன், மதினி சட்டையப் புடிச்சி இழுக்காவ, அவன் விடல. முக்கு திரும்புத வரைக்கும் கத்துதான்.

கட்டுவேம்மா. என்னத்துக்குக் கட்டாம? அரக்கு எனக்கு நல்லாவா இருக்கும்னு நெனைக்க?